கணக்கு யார் கையில்? டெக்சாஸின் ஒரு பழமைவாத ஆய்வு மையத்தை முன்வைத்து

2007 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் கூடியபோது உறுப்பினர்களின் மேசையில் ஒரு கணிப்பு காத்திருந்தது. தண்டனை முறை இப்படியே தொடர்ந்தால் 2012க்குள் சிறைகளில் இன்னும் 17,000க்கும் அதிகமான இடங்கள் வேண்டும். கட்டவும் நடத்தவும் ஏறத்தாழ 200 கோடி டாலர் ஆகும். அமெரிக்காவில் மிக அதிகமாக மரண தண்டனை நிறைவேற்றியிருக்கும் மாநிலம் அது. 1990களில் சிறைகளைக் கட்டிக்கட்டி, கைதிகளின் தொகையை ஐம்பதாயிரம் அளவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்குக் கொண்டுபோன மாநிலமும் அதுதான். அப்படிப்பட்ட இடத்தில் 'இனிக் கட்ட வேண்டாம்' என்று வாதிட்டவர்களின் முன்வரிசையில் ஒரு பழமைவாத ஆய்வு நிறுவனம் நின்றது. அதன் பெயர் டெக்சாஸ் பொதுக்கொள்கை அறக்கட்டளை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மாநிலத்தின் மின்கட்டமைப்பு நொடித்து நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் கிடந்தபோது, அதே நிறுவனம் காற்றாலைகளைக் குற்றவாளியாகக் காட்டியது. முதல் வாதம் காலத்தின் சோதனையில் பெருமளவுக்குத் தேறிவிட்டது. இரண்டாவது ஓராண்டுகூடத் தாங்கவில்லை. நிறுவனம் ஒன்று, கொள்கைப் பிடிப்பு ஒன்று, பணமும் பெரும்பாலும் ஒரே வகையான கைகளிலிருந்து வந்தது. அப்படியிருக்க வேலையின் தரம் ஏன் இவ்வளவு மாறியது?

இத்தகைய நிறுவனங்களைப் பற்றிய பேச்சு வழக்கமாக இரண்டு தடங்களில் ஓடும். ஆதரிப்பவர்கள் 'கருத்தின் வலிமை' என்பார்கள். எதிர்ப்பவர்கள் 'எண்ணெய்ப் பணம்' என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் மேலே கேட்ட கேள்விக்கு இரண்டுமே விடை தருவதில்லை. ஒரு மாநில அளவிலான கொள்கை மையம் பொதுநலனுக்கு உதவுகிறதா, ஊறு செய்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்த மையத்துக்கு வெளியே இருக்கும் ஒன்று என்பது என் வாதம். வாக்கெடுப்பு நடக்கும் நேரத்தில், அந்த மையம் எழுதாத, அதனால் மறுக்கவும் முடியாத ஒரு பொதுக் கணக்கு சட்டமன்றத்தின் மேசையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அது.

அறக்கட்டளையின் பிறப்பு 1989இல், சான் அன்டோனியோ நகரில். தொடங்கியவர் ஜேம்ஸ் லைனிங்கர். மருத்துவர், மருத்துவக் கருவித் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். பெற்றோர் தாங்கள் விரும்பும் பள்ளிக்கு அரசுப் பணத்தைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் பிடிவாதம். 1998இல் சான் அன்டோனியோவின் ஏழைப் பகுதியான எட்ஜ்வுட் பள்ளி வட்டாரத்து மாணவர்களுக்குத் தனியார் பணத்திலேயே பத்தாண்டுக் கல்விச்சீட்டுத் திட்டம் ஒன்று நடந்ததற்குப் பின்னால் இருந்தவரும் அவரே. அதே காலத்தில் மற்ற மாநிலங்களிலும் இப்படிப்பட்ட மையங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. மிச்சிகனில் மாக்கினாக் மையம் 1980களின் பிற்பகுதியில் தோன்றியது. அரசியல்வாதிகள் துணிந்து ஆதரிக்கக்கூடிய கருத்துகளின் எல்லையை 'ஓவர்டன் சன்னல்' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அந்த ஜோசப் ஓவர்டன் அங்கே வேலை பார்த்தவர்தான். தென் கரோலினாத் தொழிலதிபர் தாமஸ் ரோ 1992இல் இந்த மையங்களை 'ஸ்டேட் பாலிசி நெட்வொர்க்' என்ற வலையில் கோத்தார். இன்று ஐம்பது மாநிலங்களிலும் அதன் உறுப்புகள் உண்டு. வாஷிங்டனில் மோதுவதைவிட மாநிலத் தலைநகரங்களில் வேலை செய்வது மலிவு, போட்டியும் குறைவு என்பதை அவர்கள் முன்கூட்டியே கண்டுகொண்டார்கள்.

மலிவு என்று சொன்னது வெறும் செலவுக் கணக்கு இல்லை. டெக்சாஸ் சட்டமன்றத்தின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். கீழவையில் 150 பேர், மேலவையில் 31 பேர். இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாட்கள் கூடுகிறார்கள். ஆண்டுச் சம்பளம் 7,200 டாலர். அதாவது எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. அந்த 140 நாட்களில் தாக்கலாகும் மசோதாக்கள் அண்மைக் காலத்தில் எட்டாயிரத்தைத் தாண்டுகின்றன. சட்டம் எழுதிக் கொடுக்க ஒரு சட்டமன்றக் குழு, கீழவைக்கு ஓர் ஆய்வுப் பிரிவு என்று சில பொது அமைப்புகள் இருந்தாலும், புதிதாக வந்த ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் மின்சந்தை பற்றியோ தண்டனைச் சட்டம் பற்றியோ ஆழ்ந்து படித்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது அரிது. அறக்கட்டளை ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் தலைநகர் ஆஸ்டினில் உறுப்பினர்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் கொள்கை அறிமுக மாநாடு நடத்திவந்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. பாடம் எடுக்க ஆள் இல்லாத வகுப்பில் முதலில் நுழைபவர்தான் ஆசிரியர். அரசியல் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஹெர்டெல் ஃபெர்னாண்டஸ் 2019இல் வெளியிட்ட நூலில், பழமைவாத வலைப்பின்னல்கள் தயாரித்த மாதிரி மசோதாக்களை அதிகம் நகலெடுப்பவர்கள் அனுபவமும் உதவியாளர் பலமும் குறைந்த உறுப்பினர்களே என்று காட்டியிருக்கிறார். சித்தாந்தம் இழுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கைவசம் வேறு தாள் இல்லாதவரைத்தான் அது எளிதாக இழுக்கிறது.

இனி சிறை விவகாரத்துக்கு வருவோம். கீழவையின் சிறைத்துறைக் குழுவுக்கு அப்போது தலைவர் ஜெர்ரி மேடன், குடியரசுக் கட்சிக்காரர், பொறியாளர். அவைத்தலைவர் டாம் கிராடிக் அவருக்குத் தந்த கட்டளை சுருக்கமானது: புதிய சிறை வேண்டாம், செலவு தாங்காது. மேலவையில் அவருக்கு இணையாக ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மைர். இன்று ஹூஸ்டன் மேயர். அறக்கட்டளை 2005இல் குற்றவியல் நீதிக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தது. அதை நடத்திய மார்க் லெவின் வைத்த வாதம் பழமைவாதிகளின் காதுக்கு இதமானது. சிறை என்பதும் ஓர் அரசுத் திட்டம்தான். மற்றத் திட்டங்களிடம் கேட்கும் கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டாமா? ஒரு கைதியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 டாலர் செலவில் வைத்திருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு, சில டாலர் செலவில் நன்னடத்தைக் கண்காணிப்பிலோ போதை மீட்புச் சிகிச்சையிலோ வைத்தால் கிடைக்காதா? சட்டமன்றம் 200 கோடியை விட்டுவிட்டு, 24.1 கோடி டாலரைச் சிகிச்சை இடங்களுக்கும் மாற்று ஏற்பாடுகளுக்கும் ஒதுக்கியது. கணித்திருந்த பெருக்கம் நிகழவில்லை. குற்ற விகிதமும் ஏறவில்லை. நாடு முழுக்க இறங்கியதைப் போல டெக்சாஸிலும் இறங்கியது. 2011இல் ஷுகர்லாந்து நகரின் சென்ட்ரல் யூனிட் மூடப்பட்டது. டெக்சாஸ் வரலாற்றில் ஓர் அரசுச் சிறை மூடப்பட்டது அதுவே முதல்முறை. (அந்த ஆண்டின் வரவுசெலவுப் பற்றாக்குறையும், வளர்ந்துவந்த நகரில் அந்த நிலத்தின் மதிப்பும் அதற்குத் துணைசெய்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) அடுத்த ஆண்டுகளில் வேறு சிறைகளும் மூடப்பட்டன.

இந்தக் கதையை அறக்கட்டளை தன் வெற்றிக் கதையாகச் சொல்லிவருகிறது. சொல்லாமல் விடும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த 17,000 என்ற எண் அறக்கட்டளையின் எண் அன்று. சட்டமன்றத்தின் நிரந்தர அமைப்பான வரவுசெலவு வாரியத்தின் எண். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. டெக்சாஸில் குற்றவியல் நீதிக் கொள்கை மன்றம் என்று ஒரு சிறிய அரசு ஆய்வு அமைப்பு இருந்தது. டோனி ஃபபெலோ என்ற ஆய்வாளரின் தலைமையில் அது சிறைக் கணிப்புகளைச் செய்துவந்தது. 2003இல் ஆளுநர் ரிக் பெரி அதற்கான நிதியைத் தம் தனி ரத்து அதிகாரத்தால் வெட்ட, மன்றம் மூடப்பட்டது. கணிக்கும் பொறுப்பு வரவுசெலவு வாரியத்துக்கு மாறியதால் கணக்கு மட்டும் பிழைத்தது. 2007இல் சிகிச்சை இடங்களின் பற்றாக்குறை எப்படிச் சிறையை நிரப்புகிறது என்று சட்டமன்றத்துக்கு விளக்கியவர்களில் அதே ஃபபெலோவும் இருந்தார். இம்முறை மாநில அரசுகள் பேரவையின் சார்பில், வெளியாளாக. சிகிச்சைக்கும் பரோலுக்கும் காத்திருந்தவர்களின் வரிசை எங்கே அடைபட்டிருந்தது என்பதை அந்த ஆய்வு காட்டியது. அறக்கட்டளை சேர்த்தது வேறொன்றை. அது அரசியல் காப்பு. 'குற்றவாளிக்கு இளகியவர்' என்ற பழிக்கு அஞ்சும் குடியரசுக் கட்சி உறுப்பினருக்கு, வலதுசாரியாகவே நின்று இதற்கு வாக்களிக்கலாம் என்ற துணிவை அது கொடுத்தது. கணக்கு பொதுவானது, மொழி மட்டும் சார்புடையது. அந்தச் சேர்க்கையில் பிறந்தது நல்ல சட்டம்.

அறக்கட்டளை இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும், பணத் தட்டுப்பாடு தானாகவே தள்ளியிருக்கும் என்று மறுக்கலாம். டெக்சாஸ் அளவில் அந்த மறுப்பில் பாதி நியாயம் உண்டு. கிராடிக்கின் கட்டளைக்கு எந்த ஆய்வறிக்கையும் தேவைப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அது விளக்காது. 2010இல் அறக்கட்டளை 'ரைட் ஆன் கிரைம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, நாடாளுமன்றக் கீழவையின் முன்னாள் தலைவர் நியூட் கிங்ரிச், ரேகனின் சட்ட அமைச்சர் எட்வின் மீஸ், வரி எதிர்ப்பாளர் குரோவர் நார்குவிஸ்ட் போன்றோரின் கையெழுத்தை வாங்கியது. ஜார்ஜியா உள்ளிட்ட பல தென்மாநிலங்களின் சீர்திருத்தங்களுக்கும், 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட மத்திய அரசின் 'முதல் அடி' சட்டத்துக்கும் இந்த ஆதரவு வழி திறந்தது. தட்டுப்பாடு ஒரு மாநிலத்தைத் தள்ளலாம். ஒரு கட்சியின் மனத்தை நாடளவில் திருப்ப யாராவது உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும்.

மின்சாரத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். அறக்கட்டளைக்கு எரிசக்திக்கென்று 'லைஃப் பவர்டு' என்ற திட்டம் உண்டு. படிம எரிபொருளே மனித வாழ்வின் அடிப்படை, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான மானியங்கள் கட்டமைப்பைப் பலவீனப்படுத்துகின்றன என்பது அதன் நிலைப்பாடு. 2021 பிப்ரவரிப் புயலில் அரசுக் கணக்கின்படி 246 பேர் இறந்தார்கள். அந்த நாட்களில் அறக்கட்டளையினரின் பேச்சிலும் எழுத்திலும் காற்றாலையும் சூரிய ஒளியுமே குற்றவாளிகள். காற்றாலைகள் உறைந்தன என்பது உண்மைதான். ஆனால் மத்திய ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையமும் வட அமெரிக்க மின் நம்பகக் கழகமும் அந்த நவம்பரில் வெளியிட்ட அறிக்கை கணக்கைத் தெளிவாக்கியது. எதிர்பாராமல் நின்றுபோன மின்னாக்க அலகுகளில் 58 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் ஓடுபவை, 27 விழுக்காடு காற்றாலைகள். உறைந்த கருவிகளும், எரிவாயு வயலிலிருந்து மின்நிலையம் வரை அறுந்துபோன எரிபொருள் வழங்கலும் முதன்மைக் காரணங்கள். இதில் உறுத்துவது என்னவென்றால் இந்தப் பாடம் புதிதே அல்ல. 2011 பிப்ரவரிக் குளிரிலும் டெக்சாஸில் மின்தடை வந்தது. அதே இரு மத்திய அமைப்புகள் அப்போதே அறிக்கை எழுதி, குளிர்காப்பு ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தன. பத்தாண்டுகளாக அது கட்டாயமாக்கப்படவில்லை. 2021 பேரிடருக்குப் பிறகுதான் சட்டம் வந்தது.

ஆக, மின்சாரத்திலும் எண்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவற்றைச் சட்டமன்றத்தின் முன் வைத்தே தீர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அந்த வெற்றிடத்தில் அறக்கட்டளையின் தாள் எதிர்த்தாள் இல்லாமல் உலவியது. 2021இலேயே இன்னொரு சான்றும் கிடைத்தது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களைப் 'புறக்கணிக்கும்' நிதி நிறுவனங்களோடு மாநில அரசு தொடர்பு வைக்கக் கூடாது என்ற சட்டத்தை அறக்கட்டளை முன்னின்று ஆதரித்தது. சில பெரிய வங்கிகள் டெக்சாஸ் நகராட்சிக் கடன் பத்திரச் சந்தையை விட்டு விலகின. போட்டி குறைந்ததால் முதல் எட்டு மாதங்களில் வெளியான பத்திரங்களுக்கு உள்ளாட்சிகள் 30 கோடியிலிருந்து 53 கோடி டாலர் வரை கூடுதல் வட்டி கட்ட நேரிடும் என்று பொருளியலாளர்கள் டேனியல் காரெட், இவான் இவானோவ் இருவரும் மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடு வந்தது 2022இல், சட்டம் நிறைவேறி ஓராண்டு கழித்து. வரிப்பணத்தைக் காப்பதே தன் முதல் கடமை என்று சொல்லும் ஒரு நிறுவனம், சிறை விஷயத்தில் கேட்ட 'இதற்கு என்ன செலவு?' என்ற கேள்வியை இங்கே கேட்கவில்லை. கேட்க வைக்கவும் ஆள் இல்லை.

'சுற்றி வளைக்காதீர்கள், எண்ணெய் நிறுவனங்கள் பணம் கொடுத்தன, மையம் எண்ணெய்க்காகப் பேசியது' என்று ஒரு வாசகர் இங்கே இடைமறிப்பார். நன்கொடையாளர் பெயரை வெளியிட அமெரிக்க வரிச்சட்டம் இத்தகைய அறக்கட்டளைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் 2010ஆம் ஆண்டுக்கான பட்டியல் ஒன்று 2012இல் வெளியே கசிந்தது. எரிசக்தி நிறுவனங்களின் பெயர்கள் அதில் தாராளமாக இருந்தன. அதன் இயக்குநர் குழுவில் நெடுங்காலம் துணைத்தலைவராக இருந்த டிம் டன், மிட்லண்ட் நகரத்து எண்ணெய் அதிபர். இவற்றை மறுக்க நான் வரவில்லை. எந்தப் பொருளில் ஆள் போடுவது, எதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. ஆனால் சிறைச் சீர்திருத்தத்துக்கு ஊக்கமளித்தவர்களிலும் அதே டன் ஒருவர். ஒரே பணப்பையிலிருந்து நேர்மையான கணக்கும் கோணல் கணக்கும் வருமானால், வேறுபாட்டின் காரணத்தைப் பைக்கு வெளியே தேடத்தான் வேண்டும். நன்கொடையாளர் பெயர்களை வெளியிடச் செய்வது நல்லதே. ஆனால் 2012க்குப் பிறகு அந்தப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும் இடத்தில் இருந்தும், 2021இல் காற்றாலைக் கதை பரவுவதை அது தடுக்கவில்லையே.

இடதுசாரிகளுக்கும் மையங்கள் உண்டு, இரண்டும் மோதினால் உண்மை தெளியும் என்பது இன்னொரு மறுப்பு. டெக்சாஸில் பெனடிக்டைன் கன்னியர் 1985இல் தொடங்கிய ஓர் ஆய்வு மையம் இன்று 'எவரி டெக்சன்' என்ற பெயரில் இயங்குகிறது. கவனமாக வேலை செய்கிறது, வறுமை, மருத்துவக் காப்பீடு பற்றி நிறைய எழுதுகிறது. ஆயினும் இரு வழக்கறிஞர்கள் வாதாடுவதால் மட்டும் தீர்ப்பு வந்துவிடாது. சாட்சியத்தைச் சோதிக்கும் ஒரு மன்றமும் வேண்டும். நீதிமன்றத்தில் அந்தச் சோதனை நடக்கிறது என்பதற்கு அறக்கட்டளையின் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முழுதாகச் செல்லாததாக்க 2018இல் நடந்த வழக்கில் இரு தனிநபர்களுக்காக அதன் வழக்கறிஞர் ராபர்ட் ஹெனெக்கி வாதாடினார், கீழ்நீதிமன்றத்தில் வென்றார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், வழக்காடிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்று 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. பெரும்பான்மையில் பழமைவாத நீதிபதிகளும் இருந்தார்கள். சட்டமன்றத்தில் அதற்கு ஈடான கேள்வியை யார் கேட்பது?

என் வாதத்துக்கு உண்மையிலேயே தொல்லை தரும் எடுத்துக்காட்டு கல்விச்சீட்டு. லைனிங்கர் காலத்திலிருந்து முப்பது ஆண்டுகளாக அறக்கட்டளை அதற்காக எழுதிக் குவித்தது. கீழவை அசையவில்லை. 2023 நவம்பரில்கூட, குடியரசுக் கட்சியின் 21 உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து 84க்கு 63 என்று அதை மசோதாவிலிருந்து நீக்கினார்கள். பெரும்பாலும் கிராமப்புறத் தொகுதிகளைச் சேர்ந்த அவர்களுக்கு, ஊரின் அரசுப் பள்ளிதான் ஊரின் பெரிய வேலை தரும் இடமும்கூட. பிறகு ஆளுநர் கிரெக் அபாட் 2024 உட்கட்சித் தேர்தலில் அவர்களில் பலரைக் குறிவைத்துத் தோற்கடித்தார். பென்சில்வேனியாவின் பங்குச்சந்தைக் கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ் அபாட்டுக்கு அறுபது லட்சம் டாலர் கொடுத்திருந்தார். 2025 மே மாதம் 100 கோடி டாலர் திட்டம் சட்டமானது. இங்கே வரவுசெலவு வாரியத்தின் கணக்கு மேசையில்தான் இருந்தது. செலவு சில ஆண்டுகளில் பல மடங்காகும் என்று அது சொன்னது, ஆனாலும் சட்டம் தடைபடவில்லை. அப்படியானால் என் வாதம் உடைகிறதா? ஒரு பகுதி உடைகிறது. பொதுக் கணக்கு இருந்தால் நல்ல சட்டம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. யாருடைய பணம் யாருடைய பள்ளிக்குப் போக வேண்டும் என்பது விழுமியம் பற்றிய சண்டை. அதைக் கூட்டல் கழித்தல் தீர்க்காது. ஆனாலும் அந்தச் சண்டை ஒளிவுமறைவில்லாமல் நடந்தது. யார் வென்றார்கள், எந்தத் தேர்தலில், யார் பணத்தில், எவ்வளவு செலவுக்கு என்பதெல்லாம் வாக்காளருக்குத் தெரியும். முப்பது ஆண்டு ஆய்வறிக்கைகளால் முடியாததை ஒரு தேர்தல் முடித்தது என்பது, மையங்களின் சக்தியை மிகைப்படுத்துபவர்களுக்கும் ஒரு செய்தி.

ஆஸ்டினில் பழகியவர்கள் இப்போது வாஷிங்டனில் இருக்கிறார்கள். அறக்கட்டளையைப் பதினைந்து ஆண்டுகள் நடத்திய புரூக் ராலின்ஸ் 2025இல் அமெரிக்க வேளாண் அமைச்சரானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கெவின் ராபர்ட்ஸ் 2021இல் அங்குள்ள பழமைவாத ஆய்வு மையமான ஹெரிட்டேஜ் அறக்கட்டளையின் தலைவரானார். ஜெர்ரி மேடன் சட்டமன்றத்தை விட்டு விலகியபின் ரைட் ஆன் கிரைம் இயக்கத்திலேயே சேர்ந்தார். இப்படி ஆட்கள் மாறி மாறி அமர்வதைத் தடுக்க வழியில்லை, தடுப்பது சரியா என்பதும் சந்தேகமே. மாற்றக்கூடியது விதிமுறை. டெக்சாஸில் தண்டனையைக் கூட்டும் அல்லது குறைக்கும் மசோதா வந்தால், அது சிறைத்தொகையை எப்படிப் பாதிக்கும் என்று வரவுசெலவு வாரியம் தாக்க அறிக்கை எழுதி அதோடு இணைக்கும் முறை அவை விதிகளிலேயே இருக்கிறது. பள்ளி நிதியைச் சமப்படுத்துவதற்கும், நீர்வள மேம்பாட்டுக்கும்கூட இத்தகைய அறிக்கைகள் உண்டு. மின் நம்பகத்தன்மைக்கு அப்படியொரு அறிக்கை இல்லை. 2011 அறிக்கையின் பரிந்துரைகளை ஒவ்வொரு எரிசக்தி மசோதாவோடும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதும் கடமை ஓர் அரசு அலுவலருக்கு இருந்திருந்தால், 2021 பிப்ரவரியில் அறக்கட்டளை சொன்னதைக் கேட்ட உறுப்பினரின் கையில் குறைந்தபட்சம் இன்னொரு தாளும் இருந்திருக்கும்.